இசைக்குழு வாத்தியக்காரர்: தொழிலாளியா, பங்காளியா, கூப்பிட்டால் வருபவரா?

களுவாஞ்சிகுடிப் பக்கம் இசைக்குழு நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். மேடையில் 11 பேர், சவுண்டுக்கு 3 பேர், வான் சாரதி ஒருவர், சாமான் ஏற்றி இறக்க 2 பேர். ஆடி மாதக் கோயில் கச்சேரி ஒன்றுக்குப் புறப்பட இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது, சம்பளத்தைக் கூட்டினால்தான் ஏறுவோம் என்று ஐந்து வாத்தியக்காரர் நின்றுவிட்டார்கள். வெளிநாட்டுப் பெரிய ஓர்கெஸ்ட்ராக்களில் இப்படியானவர்களை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்ட வேண்டுமா, சங்கம் அமைத்தால் தடுக்கலாமா, அவர்களுடைய முந்தின கச்சேரிக் காசை நிறுத்தி வைக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். நான்காகக் கேட்டாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: இந்த 17 பேரும் உங்களுக்கு யார்?

தொழில் உறவு விடயங்களில் பயிற்சி எடுத்தவன் என்ற முறையில், உங்கள் விவரத்தை வாசித்தவுடன் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒத்திகைக்கு வரும் நேரம், உடுப்பு, வேறு குழுவில் வாசிக்கக்கூடாது என்ற தடை எல்லாவற்றையும் நீங்களே தீர்மானிக்கிறீர்கள். அது முதலாளியின் அதிகாரம். காசை மட்டும் கச்சேரிக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள், அது நாட்கூலி. மழை வந்து கச்சேரி நின்றால் "எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பம்" என்கிறீர்கள். அது பங்காளிகளுக்குரிய பேச்சு. மூன்று உறவிலும் உங்களுக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை, நம்முடைய பகுதியில் அநேகமான குழுக்கள் நண்பர் வட்டமாகத் தொடங்கி இப்படித்தான் வளர்ந்தவை. ஆனால் அந்த ஐந்து பேரின் கோபம் இந்தக் கலப்பில் இருந்துதான் வருகிறது. மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் மற்றப் பாதியையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலும் இந்த மூன்று வகையும் உண்டு. அமெரிக்காவின் பெரிய ஓர்கெஸ்ட்ராக்களில் இசைஞர் சம்பள ஊழியர். நிர்வாகமும் சங்கமும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டு உடன்படிக்கை எழுதும். லண்டன் சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா வாசிப்பவர்களே உரிமையாளராக இருக்கும் அமைப்பு. நிர்வாக சபையில் அவர்களே இருப்பார்கள், வாசித்த வேலைக்குத்தான் காசு. வியன்னா பில்ஹார்மோனிக் 1842 இல் தொடங்கியதில் இருந்து தன்னைத் தானே ஆளும் சங்கம். நிர்வாகக் குழுவை உறுப்பினரே தெரிவு செய்கிறார்கள். ஆனால் வியன்னாவைக் காட்டி "பார், அவர்களுக்கு முதலாளியே இல்லை" என்று பேசுவதில் ஒரு பிழை இருக்கிறது. அந்த உறுப்பினர்கள் வியன்னா அரச ஒப்பெராவின் ஓர்கெஸ்ட்ராவில் வேலை செய்பவர்கள். மாதச் சம்பளம் அங்கே இருந்து வருகிறது, அதன் மேல் நின்றுதான் சுயாட்சி நடக்கிறது. மாரியில் மூன்று மாதம் ஒரு கச்சேரியும் இல்லாத நம்முடைய கீபோட்காரருக்கு அப்படி ஒரு நிலம் காலுக்குக் கீழே இல்லை.

நீங்கள் சின்ன விடயம் என்று தள்ளியிருக்கும் இரண்டை முதலில் எடுக்கிறேன்: பயணமும் மாற்றாளும். பெர்லின் பில்ஹார்மோனிக் 1882 இல் பிறந்ததற்கு உடனடிக் காரணம் ஒரு ரயில் பயணம். பெஞ்சமின் பில்சே என்பவர் தன்னுடைய குழுவில் இருந்தவர்களை வார்சோவுக்கு நாலாம் வகுப்பில் அனுப்பப் பார்த்தார். 54 பேர் பிரிந்து போய்ச் சொந்தமாக ஓர்கெஸ்ட்ரா தொடங்கினார்கள். உங்கள் ஆட்கள் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே வானில் குந்திக்கொண்டு மண்டூரில் இருந்து விடியப்புறம் நாலு மணிக்குத் திரும்புகிறார்கள் என்றால், சம்பளச் சண்டைக்குள் அந்தக் கோபமும் இருக்கிறது. சாமானுக்கு வேறு வாகனம் பிடிக்க முடியாவிட்டால், ஆசனம் இல்லாதவரை ஏற்றுவதில்லை என்று முடிவெடுங்கள். பாடும் பெண் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்குவது குழுவின் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கட்டும்.

மாற்றாள் பிரச்சினையும் பழையதுதான். லண்டன் குயீன்ஸ் ஹோலில் ஹென்றி வூட் நடத்திய ஓர்கெஸ்ட்ராவில், வேறிடத்தில் கூடக் காசு கிடைத்தால் தனக்குப் பதில் ஒருவரை அனுப்பிவிட்டுப் போகும் வழக்கம் இருந்தது. ஒத்திகையில் ஒருவர், மேடையில் வேறொருவர். 1904 இல் இனி மாற்றாள் கிடையாது என்று அறிவித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். மேலே சொன்ன லண்டன் சிம்பொனி பிறந்தது அப்படித்தான். இதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வருமானத்தை உறுதிப்படுத்தாமல் ஆளை மட்டும் கட்டி வைக்க முடியாது. யாரையும் அனுப்பலாம் என்று விட்டால் இசை கெடும். இடைவழி இதுதான்: ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இருவரை முன்கூட்டியே கேட்டுப் பார்த்து மாற்றாள் பட்டியலில் போடுங்கள். வர முடியாதவர் 72 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும், பட்டியலில் இருந்துதான் ஆள் வரவேண்டும், வருபவர் கடைசி ஒத்திகையில் இருக்க வேண்டும், காசு அவருடைய கைக்கே போகவேண்டும். சாவீடு, சுகவீனம் என்றால் 72 மணி விதி இல்லை. வேறு குழுவில் வாசிக்கக்கூடாது என்ற உங்கள் தடையை, மாதம் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு நீங்கள் உத்தரவாதம் கொடுக்காதவரை எடுத்துவிடுங்கள். உத்தரவாதம் இல்லாத தடைக்கு நியாயம் இல்லை.

அடுத்தது நேரம். அமெரிக்க உடன்படிக்கைகளில் சம்பளம் வாரக் கணக்கில் பேசப்பட்டாலும், வேலையை அளப்பது ஒரு அலகால். ஒரு ஒத்திகையோ ஒரு கச்சேரியோ ஒரு அலகு. பொதுவாக இரண்டரை மணித்தியாலம், வாரத்துக்கு எட்டு அளவில். அதற்கு மேல் போனால் மேலதிகக் காசு. நம்மிடம் "ஒரு கச்சேரி" என்றால் என்ன? சாமி வீதியுலா முடிந்து இரவு பத்தரைக்குத் தொடங்கி இரண்டுக்கு முடிவதும் ஒரு கச்சேரி. ஊர்வலம் பிந்தி ஒரு மணிக்குத் தொடங்கி விடியும் வரை போவதும் ஒரு கச்சேரி. இரண்டுக்கும் ஒரே காசு. அதற்கு முன் நடந்த மூன்று ஒத்திகைக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் கொடுப்பதை ஒத்திகை, பயணம், காத்திருப்பு எல்லாம் சேர்த்து மணித்தியாலத்தால் பிரித்துப் பாருங்கள். மேசன் வேலைக்குப் போகிறவரின் நாட்கூலியோடு ஒப்பிடுங்கள். இரண்டரை மணி ஒத்திகையை ஒரு அலகாகவும், நாலு மணி மேடையை மூன்று அலகாகவும், அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஒரு அலகாகவும் வைத்தால் வாக்குவாதம் பாதி குறையும். எண்களை நீங்கள் மாற்றலாம், அளவுகோல் ஒன்று இருப்பதுதான் முக்கியம்.

"வருமானம் கூடவில்லை, இவர்கள் மட்டும் எப்படிக் கூட்டிக் கேட்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பொருளியலில் விளக்கம் உண்டு. வில்லியம் போமோல், வில்லியம் போவன் இருவரும் 1966 இல் காட்டியது இது: மற்றத் தொழில்களில் இயந்திரம் வந்து ஒருவர் செய்யும் வேலை பெருகும், கூலியும் ஏறும், நால்வர் வாசிக்கும் ஒரு உருப்படிக்கு இருநூறு ஆண்டுக்கு முன்னும் நால்வர்தான், இன்றும் நால்வர்தான். ஆனால் அந்த நால்வரும் மற்றவர்களைப் போலவே அரிசி வாங்க வேண்டும். படுவான்கரை வயலில் அரிவாளோடு இருபது பேர் இறங்கிய இடத்தில் இன்று வெட்டு மெஷின் ஒன்று ஓடுகிறது. தபேலாவுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே செலவு வருமானத்தை முந்துவது உங்கள் கெட்டித்தனக் குறைவும் இல்லை, அவர்களின் பேராசையும் இல்லை, தொழிலின் இயல்பு.

இதற்கு மறுமொழியாகப் பலர் கையில் எடுப்பது பதிவு செய்த ட்ராக். கீபோட்டில் தாளத்தைப் போட்டுவிட்டு நாலு பேரைக் குறைக்கலாம். நியூயோர்க் பிராட்வே அரங்குகளில் 2003 மார்ச்சில் இதே விடயத்துக்காக இசைஞர் நாலு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; தயாரிப்பாளர்கள் கணினி இசையை வைத்து நடத்தத் தயாரானார்கள்; கடைசியில் அரங்குக்குக் குறைந்தது இத்தனை பேர் என்ற எண்ணிக்கை குறைக்கப்பட்டது, ஆனால் ஒழிக்கப்படவில்லை. ட்ராக் போடுவதானால் கோயிலாருக்கு முன்பே சொல்லுங்கள், எத்தனை பேர் உயிரோடு வாசிப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பத்துப் பேருக்குக் காசு வாங்கி ஆறு பேரைக் கொண்டு போகும் குழுவை அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள். அதோடு கல்லடி விபுலானந்தா நிறுவகத்தில் நாலு வருடம் இசை படித்து வெளியே வரும் பிள்ளைக்கு வாசிக்க மேடை இல்லாமல் போவது, சுவாமி விபுலானந்தர் பிறந்த இந்த மண்ணுக்கு நல்லதல்ல.

இப்போது கணக்கு. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். அமெரிக்காவின் மினசோட்டா ஓர்கெஸ்ட்ராவில் 2012 ஒக்டோபர் 1 இல் நிர்வாகம் இசைஞரை வெளியே வைத்துக் கதவைப் பூட்டியது; 2014 ஜனவரியில்தான் தீர்ந்தது, பதினைந்து மாதம். நிர்வாகம் பெரிய சம்பளக் குறைப்புக் கேட்டது. அதே காலத்தில் ஏறத்தாழ 50 மில்லியன் டொலரில் மண்டபம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இசைஞர் கேட்டது: கணக்கை வெளியாள் ஒருவர் சரிபார்க்கட்டும், பிறகு பேசுவோம். இடையில் பல வாத்தியக்காரர் வேறிடம் போனார்கள், இசை நெறியாளர் ஒஸ்மோ வான்ஸ்கா பதவி விலகினார் (பின்னர் திரும்பி வந்தார்). முடிவில் ஏற்றுக்கொண்ட சம்பளக் குறைப்பு 15 வீதம். கணக்கை நம்பாதவரோடு சம்பளம் பேச முடியாது என்பதற்கு இதைவிட விலை கூடிய பாடம் ஓர்கெஸ்ட்ரா உலகில் குறைவு.

உங்கள் அளவில் கணக்கைத் திறப்பது ஒரு தாள் வேலை. விளங்குவதற்காக நான் எடுத்த எண்கள் இவை: கச்சேரிக்கு 200,000 ரூபா வருகிறது. வானும் டீசலும் 22,000, சவுண்டும் லைட்டும் ஆட்களோடு 48,000, சாப்பாடு 10,000, ஆக 80,000. மிச்சம் 120,000 இல் பத்து வீதம், அதாவது 12,000, பொது நிதிக்கு. மீதி 108,000. குழுத் தலைவருக்கு 2 பங்கு, முதற் கீபோட்டுக்கு 1.5, இரண்டு முதற் பாடகருக்கும் தலா 1.5, மற்ற ஏழு பேருக்கும் தலா 1, மொத்தம் 13.5 பங்கு, ஒரு பங்கு 8,000. தலைவருக்கு 16,000, கீபோட்காரருக்கும் பாடகருக்கும் 12,000, மற்றவருக்கு 8,000. சவுண்ட் செட் உங்களுடையது என்றால் அந்த 48,000 இல் எவ்வளவு உங்களுக்கு வருகிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அதை மறைத்தால் மற்ற எல்லா எண்ணும் பொய்யாகத் தெரியும். பொது நிதியை இருவர் கையெழுத்தில் வங்கியில் போடுங்கள்: ஒன்று உங்களுடையது, மற்றது அவர்கள் தெரிவு செய்யும் ஒருவருடையது. கேபிள், டிரம்ஸ் ஸ்கின், மாரி காலத்துக் கைமாற்று மூன்றுக்கும் அது போதுமான அளவில் சேரும்.

உள்ளே வரும் சண்டையில் பாதி வெளியே கோயிலில் எழுதாமல் விட்டதால் வருகிறது. நம்முடைய கோயில்களில் அன்றைய திருவிழா ஒரு குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) உரியது. கூப்பிடுபவர் ஒருவர், காசு சேர்ப்பவர் இன்னொருவர், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருக்குச் சில வேளை விவரமே தெரியாது. ஒப்பந்தத்தில் அன்றைய திருவிழாக்காரரும் பரிபாலன சபையில் ஒருவரும் கையெழுத்து வைக்கட்டும். அச்சாரம் பாதி, மிச்சம் முதற் பாட்டுக்கு முன். தொடங்கும் நேரம், முடியும் நேரம், பிந்தினால் மணிக்கு எவ்வளவு, ஒலிபெருக்கி அனுமதியைப் பொலிஸில் எடுப்பது யார், மழையாலோ ஊரில் துடக்காலோ நின்றால் அச்சாரத்தில் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் அதில் வேண்டும். நின்றுபோன கச்சேரிக்கும் புறப்பட்டு வந்தவருக்கு ஒரு தொகை உண்டு என்று உங்கள் ஆட்களோடும் முன்பே பேசி வையுங்கள். மின்சாரத்தையும் விடாதீர்கள்: நனைந்த மேடையில் மைக் பிடிப்பவர் உயிரோடு விளையாட முடியாது. ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் பார்க்காமல் ஒருவரையும் மேடையில் ஏற்ற வேண்டாம். வேலைக்கு அமர்த்தியவருக்கு வேலையில் காயம் பட்டால் நட்டஈடு கொடுக்க வைக்கும் சட்டம் இந்த நாட்டில் 1934 இல் இருந்தே இருக்கிறது.

சட்டத்துக்கு வருகிறேன். உறுதியானவை இவை. ஒருவர் உங்கள் ஊழியர் என்றால், 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடம் இருந்து 8 வீதம், நீங்கள் 12 வீதம். 1980 இன் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். 40,000 ரூபா சம்பளத்துக்கு அவருடைய பங்கு 3,200, உங்களுடையது 4,800 உம் 1,200 உம். தற்காலிகம், நிரந்தரம் என்ற வேறுபாடு சேமலாப நிதிக்கு இல்லை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. மேடையில் நிற்கும் 11 பேரை மட்டும் எண்ணி "நாங்கள் 15 இல்லை" என்று இருந்துவிடாதீர்கள், நீங்கள் சொன்ன கணக்கில் 17 பேர்.

உங்கள் ஆட்கள் ஊழியர்தானா என்பது அவ்வளவு நேரான கேள்வி அல்ல. தொழில் வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபை தாளின் தலைப்பைப் பார்க்காது, நடப்பைப் பார்க்கும். நேரத்தையும் முறையையும் யார் தீர்மானிக்கிறார், வாத்தியம் யாருடையது, வேறிடம் வாசிக்கலாமா, மாற்றாள் அனுப்பலாமா, நட்டம் யார் தலையில். பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு, சொந்தக் கிட்டாரோடு, பல குழுவிலும் வாசிப்பவர் ஊழியர் என்று வாதிடுவது கடினம். உங்கள் ஒக்டபேட்டில் (மின்னணுத் தாள வாத்தியத்தில்), உங்களுக்கு மட்டும், மாதக் காசுக்கு வாசிப்பவர் ஊழியர் அல்ல என்று வாதிடுவதும் அதே அளவு கடினம். நடுவில் இருப்பவர்களுக்கு ஒரே பதில் கிடையாது. சவுண்ட் ஆட்களும் சாமான் ஏற்றுபவரும் மாதக் காசுக்கு உங்களிடமே நிற்பவர்கள் என்றால் அவர்களை நான் தயங்காமல் ஊழியர் என்பேன். ஒவ்வொருவரின் விவரத்தோடும் மட்டக்களப்பு தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். நான் இங்கிருந்து சொல்வது அவர்களின் தீர்மானத்துக்கு ஈடாகாது. பங்காளி முறைக்குப் போவதானால், 1,000 ரூபாவுக்கு மேல் மூலதனம் உள்ள கூட்டுவியாபாரத்தை எழுத்தில் வைத்துக் கையெழுத்திட வேண்டும். பங்காளிக்கு இலாபம் மட்டும் அல்ல, கடனும் வரும். ஸ்பீக்கர் லீசிங் கட்டாமல் விட்டால் டிரம்ஸ் வாசிப்பவரும் பொறுப்பு. அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்காதீர்கள்.

சங்கத்தைத் தடுக்கலாமா? முடியாது, முயலவும் வேண்டாம். ஏழு பேர் இருந்தால் தொழிற்சங்கமாகப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஊழியரை நிறுத்துவது 1999 இன் திருத்தத்துக்குப் பின் நியாயமற்ற தொழில் நடைமுறை என்ற குற்றம். பதிவு செய்த சங்கம் இல்லாவிட்டாலும் மூன்று பேரைத் தெரிவு செய்யச் சொல்லி அவர்களோடு பேசுங்கள். பேச வேண்டிய மாதம் மாசி, பங்குனி; வைகாசிச் சடங்குகள் தொடங்கிவிட்டால் இரண்டு பக்கமும் அவசரத்தில் இருக்கும். பேச்சில் எழுத வேண்டிய முதல் வரி: ஒரு பருவத்துக்கு ஒப்புக்கொண்ட வீதம் அந்தப் பருவம் முழுக்க மாறாது, கச்சேரி நாளில் சம்பளப் பேச்சு இல்லை. அதற்கு ஈடாக நீங்கள் எழுத வேண்டியது: எந்த முறைப்பாட்டையும் ஏழு நாளுக்குள் கேட்பேன், ஒத்துவராவிட்டால் இருவருக்கும் பொதுவான ஒருவர் தீர்ப்பார். அமெரிக்க உடன்படிக்கைகளில் வேலைநிறுத்தத் தடை நிற்பது இந்த இரண்டாம் பாதியின் பலத்தில்தான். வாசிப்புப் போதாது என்று ஒருவரை நிறுத்துவதையும் தனியே செய்யாதீர்கள். அங்கே முதலில் எழுத்தில் குறை சொல்லி அவகாசம் கொடுப்பார்கள், பிறகும் சரிவராவிட்டால் சக வாத்தியக்காரர் குழு கேட்டுப் பார்க்கும். புது ஆளைத் தேர்வதற்குத் திரைக்குப் பின்னால் வாசிக்க வைப்பார்கள். யார் மருமகன் என்று தெரியாமல் காதால் மட்டும் தீர்மானிக்க அது உதவும். ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினால் இங்கேயும் நடக்கும்.

கடைசியாக, அந்த ஐந்து பேரின் முந்தின கச்சேரிக் காசு. நிறுத்தி வைக்காதீர்கள். வாசித்து முடித்த வேலையின் காசு அது. ஆடிக் கச்சேரிக்கு வராததால் உங்களுக்கு வந்த நட்டம் வேறு கணக்கு. அந்த நட்டம் உண்மையென்றால் கோயிலாருக்குத் திருப்பிக் கொடுத்த தொகை, அவசரத்தில் பிடித்த ஆட்களுக்குக் கூடக் கொடுத்தது என்று எழுதி, மத்தியஸ்த சபையில் தனியாகக் கேட்கலாம். உழைத்த காசை அதற்காகப் பிடித்தால் நியாயம் அவர்கள் பக்கம் போய்விடும். அவர்களில் ஒருவரை நிறுத்தியதாக நீங்கள் வாயால் சொல்லியிருந்தால், அவர் ஊழியராகக் கருதப்படக்கூடியவர் என்றால், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக அவருக்கு இடமுண்டு. காசை முழுதாகக் கொடுத்து, திகதியும் கச்சேரி நடந்த ஊரும் எழுதிய பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த பேச்சுக்குக் கூப்பிடும் மூவரில் இந்த ஐந்து பேரில் ஒருவராவது இருக்கட்டும்.